ஹை-ஃபை விமர்சனம் செய்பவருக்கு என்னென்ன கருவிகள் வேண்டும்?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். தமிழில் ஹை-ஃபை (வீட்டில் உயர்தர ஒலியில் பாட்டுக் கேட்கும் சாதனங்கள்) விமர்சன வீடியோ போட ஆரம்பித்திருக்கிறீர்கள். தெரிந்த கடைக்காரர்கள் இரண்டு பேர் ஆம்ப்ளிஃபையர், டிஏசி (டிஜிட்டல் கோப்பை ஒலி மின்னலையாக மாற்றும் பெட்டி), புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் எல்லாம் இரண்டு வாரம் வைத்துக் கேட்டுவிட்டுத் திருப்பித் தரச் சொல்லியிருக்கிறார்கள். இதற்கிடையில் ஒருவர், "15 லட்சம் ரூபாய்க்குக் குறைந்து ரெஃபரன்ஸ் சிஸ்டம் (மற்றதை ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் செட்) என்று ஒன்று கிடையாது, அது இல்லாமல் நீங்கள் சொல்வதை யாரும் மதிக்க மாட்டார்கள்" என்று சொல்லிவிட்டார். அது நிஜமா, எதை வாங்குவது என்று கேட்கிறீர்கள். எனக்கு இதற்குள் இன்னொரு கேள்வி தெரிகிறது. ஒரு பொருளை மாட்டிக் கேட்கும்போது காதில் விழுவதில் அந்தப் பொருளின் பங்கு எவ்வளவு, அறையின் பங்கு எவ்வளவு, கூட இருக்கும் மற்ற சாமான்களின் பங்கு எவ்வளவு, நம் எதிர்பார்ப்பின் பங்கு எவ்வளவு? இதைப் பிரித்துக் காட்ட உதவுவதுதான் விமர்சகரின் கருவி. விலை அதற்கு அப்புறம்தான் வருகிறது.

நான் கோவையில் 20 வருஷத்துக்கும் மேலாக ஆம்ப்ளிஃபையர் பழுது பார்க்கிறேன், ஸ்பீக்கர் கிராஸ்ஓவர் (தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் பிரித்து அனுப்பும் சர்க்யூட்) செய்து தருகிறேன், இரண்டையும் அளக்கிறேன். கீழே சொல்வதெல்லாம் அந்த மேஜையிலிருந்து வருவது. டர்ன்டேபிள், கார்ட்ரிட்ஜ் பக்கம் எனக்குப் பழக்கம் குறைவு, அதனால் அதைத் தொடப் போவதில்லை.

முதலில் வாங்க வேண்டியது ஒரு நல்ல மல்டிமீட்டர். ஏன் என்று ஒரு அனுபவத்தைச் சொல்கிறேன். பல வருஷம் முன்னால் நண்பர் ஒருவர் புது டிஏசி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். என் பழைய சிடி பிளேயரையும் அதையும் மாற்றி மாற்றி மூன்று சாயங்காலம் கேட்டேன். டிஏசியில் பாடகர் ஒரு அடி முன்னால் வந்து நின்றார், மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்துக்கு எடை கூடியது, தம்புராவின் ரீங்காரம் தனியாகப் பிரிந்து கேட்டது. இரண்டு பக்கம் குறிப்பு எழுதி, நான்கைந்து பேரிடம் சொல்லியும் விட்டேன். நான்காவது நாள் வேறு எதற்கோ மீட்டரை எடுத்தவன் இரண்டின் அவுட்புட்டையும் அளந்தேன். சிடி பிளேயர் 2.00 வோல்ட், டிஏசி 2.31 வோல்ட். கணக்குப் போட்டால் 1.25 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு). ஒரு டெசிபல் அளவு வித்தியாசத்தை நம் காது "சத்தம் கூடியிருக்கிறது" என்று சொல்லாது. "தெளிவு கூடியிருக்கிறது, உயிர் இருக்கிறது" என்றுதான் சொல்லும். வால்யூமைச் சமப்படுத்தி, எது ஓடுகிறது என்று தெரியாமல் 16 தடவை கேட்டேன். 9 தடவை சரியாகச் சொன்னேன். நாணயம் சுண்டிப் போட்டாலும் ஏறத்தாழ அதுதான் வரும். யாரிடமெல்லாம் பெருமையாகச் சொன்னேனோ அவர்களிடம் திரும்பப் போய்ச் சொன்னேன். அன்றிலிருந்து மீட்டர் இல்லாமல் ஒப்பீடு செய்ததில்லை.

எந்த மல்டிமீட்டர் என்பதிலும் கவனம் வேண்டும். எலெக்ட்ரிக் கடையில் கிடைக்கும் மலிவான மஞ்சள் மீட்டரில் ஏசி வோல்ட்டேஜின் கீழ் ரேஞ்சே 200 வோல்ட்தான். அதில் 2.83 வோல்ட் என்பது 2.8 என்று காட்டும், அடுத்த படி 2.9. அந்த ஒரு படியே 0.3 டெசிபல். நமக்கு வேண்டியது 0.1 டெசிபலுக்குள் சமம். 0.1 டெசிபல் என்பது வோல்ட்டேஜில் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல். அதாவது ஒரு ஆம்ப் 2.83 வோல்ட் கொடுத்தால் இன்னொன்று 2.80-க்கும் 2.86-க்கும் நடுவில் இருக்க வேண்டும். ஆகவே ஏசியில் 6 வோல்ட் ரேஞ்சும், புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கமும் காட்டும் மீட்டராக வாங்குங்கள். சாதாரண மீட்டர்கள் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் போனால் தடுமாறும், அதனால் 200 அல்லது 300 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, ஸ்பீக்கர் டெர்மினலிலேயே முனைகளை வைத்து அளந்துகொள்ளுங்கள். அங்கே ஒரு எச்சரிக்கை. இப்போது வரும் கிளாஸ் டி (ஸ்விட்சிங் முறையில் வேலை செய்யும்) ஆம்ப்களில் பலவற்றில் கறுப்பு டெர்மினல் எர்த் கிடையாது, அதிலும் வோல்ட்டேஜ் இருக்கும். பேட்டரி மீட்டரால் பிரச்சினை இல்லை. கரண்டில் ஓடும் ஆசிலோஸ்கோப்பின் (மின்னலையைத் திரையில் காட்டும் கருவி) கிளிப்பைக் கறுப்பில் மாட்டினீர்கள் என்றால் அவுட்புட் நேராக எர்த்துக்குப் போய் ஷார்ட் ஆகும். கடனாக வந்த பொருள் போய்விடும்.

ஸ்பீக்கரோடு ஸ்பீக்கரை ஒப்பிடும்போது வோல்ட்டேஜைச் சமப்படுத்திப் பயனில்லை, ஒவ்வொன்றின் சென்சிட்டிவிட்டியும் (ஒரே வோல்ட்டேஜுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது) வேறு. ஒரே ஒரு டோனை வைத்துச் சத்தத்தைச் சமப்படுத்துவதும் சரிவராது, ஒவ்வொன்றின் ஏற்ற இறக்கமும் வேறு இடத்தில் இருக்கும். 500 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரை வெட்டிய பிங்க் நாய்ஸை (அருவி மாதிரி எல்லா அதிர்வெண்ணும் கலந்த சோதனை இரைச்சல்) ஓடவிட்டு, நீங்கள் உட்காரும் இடத்தில் மைக் வைத்துச் சமப்படுத்துங்கள். இதில் 0.1 டெசிபல் நுட்பம் கிடைக்காது, அரை டெசிபலுக்குள் வந்தாலே நல்லது. ஸ்பீக்கர்களுக்குள் இருக்கும் வித்தியாசமும் பெரியது என்பதால் அது போதும்.

சமப்படுத்திய பிறகு வேண்டியது, இரண்டு சாதனங்களுக்கு நடுவே சட்டென்று மாற்றும் ஒரு செலக்டர் பெட்டி, அப்புறம் வீட்டில் பொறுமையுள்ள ஒருவர். சத்தத்தின் நுணுக்கம் நம் நினைவில் சில விநாடிதான் தங்கும். ஒயரைக் கழற்றி மாட்ட ஐந்து நிமிஷம் ஆனால், நீங்கள் ஒப்பிடுவது முன்னால் கேட்டதையல்ல, முன்னால் எழுதிய வார்த்தைகளை. ரிலே (மின்சாரத்தால் மாறும் சுவிட்ச்) வைத்த லைன் லெவல் (ஆம்புக்குள் போகும் சிக்னலுக்கான) செலக்டர் ஒன்றை நூறு நூற்றைம்பது ரூபாய் ரிலேக்களில் நீங்களே செய்துகொள்ளலாம். இரண்டு ஆம்ப்களை ஒரு ஸ்பீக்கருக்கு மாற்றும் பெட்டியாக இருந்தால் மட்டும், ஒன்று முழுசாகக் கழன்ற பிறகே அடுத்தது சேரும்படி இருக்க வேண்டும். இரண்டு ஆம்ப்களின் அவுட்புட் ஒரு கணம் ஒன்றோடொன்று தொட்டால்கூட ஆபத்து.

எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்பது ஏதோ இணையச் சண்டைக்காகக் கண்டுபிடித்த முறை அல்ல. பெல் ஆய்வுக்கூடத்தில் மன்சனும் கார்ட்னரும் 1950-லேயே இதை விவரித்திருக்கிறார்கள். இப்போது எல்லாரும் ஏபிஎக்ஸ் என்று சொல்லும் ஹை-ஃபை வடிவத்துக்கான கருவியை டேவிட் கிளார்க் 1982-ல் ஆடியோ பொறியியல் சங்க இதழில் எழுதினார். ஏ ஒன்று, பி ஒன்று, எக்ஸ் என்பது இரண்டில் ஏதோ ஒன்று. எக்ஸ் எது என்று சொல்ல வேண்டும். 16 தடவையில் 12 சரியாக வந்தால், அது குருட்டு அதிர்ஷ்டமாக இருக்க நூற்றுக்கு நான்குக்கும் குறைவான வாய்ப்பு. பார்த்துக்கொண்டு கேட்பது எவ்வளவு தூரம் நம்மை ஏமாற்றும் என்பதை ஹார்மன் நிறுவனத்தில் ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994-ல் காட்டினார்கள். நான்கு ஸ்பீக்கர்கள், 40 பேர். எல்லாருமே அந்த நிறுவனத்தின் ஆட்கள், ஸ்பீக்கர் பற்றி ஓரளவு தெரிந்தவர்கள். திரைக்குப் பின்னால் வைத்தபோது நல்ல மதிப்பெண் வாங்கிய சின்னப் பெட்டிகள், திரையை எடுத்ததும் கீழே போயின. பெரிய, விலை கூடிய பெட்டிகள் மேலே ஏறின. அவர்கள் பொய் சொன்னவர்கள் அல்ல. கண் சொன்னதைக் காது கேட்டது, அவ்வளவுதான். நீங்களும் நானும் அதில் விதிவிலக்கு இல்லை.

"அவசர அவசரமாக மாற்றிக் கேட்டால் பதற்றம் வருகிறது, ஒரு பொருளோடு வாரக்கணக்கில் வாழ்ந்தால்தான் அதன் குணம் தெரியும்" என்று சொல்பவர்கள் உண்டு. அதில் ஒரு பாதி எனக்கு ஏற்புடையது. சூடு ஏறினால் வரும் ஹம்மிங், நள்ளிரவில் குறைந்த வால்யூமில் ஒரு சேனல் குறைவாகக் கேட்பது, ரிமோட் எரிச்சல், நீண்ட நேரம் கேட்டால் வரும் தலைவலி, இதெல்லாம் வாரக்கணக்கில்தான் தெரியும். ஆனால் வாரக்கணக்கிலும் மறைத்து வைத்துக் கேட்கலாமே. துணி போட்டு மூடிவிட்டு, எது இணைந்திருக்கிறது என்பதை மனைவியோ தம்பியோ ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

அடுத்தது ஸ்பீக்கர். முழுப் பணத்தையும் ஒரே இடத்தில் போட வேண்டுமென்றால் இங்கே போடுங்கள். நல்ல டிஏசிகளுக்குள் இருக்கும் வித்தியாசம் டெசிபலின் பின்னங்களில் இருக்கும், ஸ்பீக்கர்களுக்குள் முழு டெசிபல்களில் இருக்கும். ரெஃபரன்ஸ் ஸ்பீக்கர் என்றால் உலகிலேயே சிறந்த ஸ்பீக்கர் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் குணம் முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் அவசியம். பிபிசி 1970களின் தொடக்கத்தில் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்காக எல்எஸ்3/5ஏ என்று ஒரு சின்னப் பெட்டி செய்தது. சத்தம் அதிகம் வராது, அடி பேஸ் கிடையாது. ஆனாலும் ஐம்பது வருஷமாக விமர்சகர்கள் பலர் அதைக் கூடவே வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் அது எங்கே உண்மை பேசும், எங்கே பேசாது என்பது எல்லாருக்கும் தெரியும். இப்போது இன்னும் வசதி வந்துவிட்டது. சிடிஏ-2034 என்ற அளவை முறையில் ஒரு ஸ்பீக்கரைப் பக்கவாட்டிலும் மேல் கீழாகவும் 10 டிகிரிக்கு ஒன்றாக 70 கோணங்களில் அளந்து, நேராகக் கேட்கும் சத்தம், சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் எல்லாவற்றையும் தனித்தனிக் கோடாகத் தருவார்கள். அப்படி அளந்து வெளியான, கோடுகள் சீராக இருக்கும் ஒரு ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்கள். நடுத்தர விலையிலேயே இப்படிப்பட்டவை உண்டு. உள்ளேயே ஆம்ப் வைத்த ஸ்டுடியோ மானிட்டரும் நல்லதுதான், டிஏசியை மட்டும் பார்க்கப் போகிறீர்கள் என்றால். ஆம்ப் விமர்சனத்துக்கு அது உதவாது, வெளி ஆம்பை மாட்ட இடமே இருக்காது.

ஆம்ப் விமர்சனம் செய்வதாக இருந்தால் இரண்டு வகை ஸ்பீக்கர் வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து. ஒன்று சென்சிட்டிவிட்டி குறைந்தது, இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பு) மேலும் கீழும் ஆடுவது. இன்னொன்று சென்சிட்டிவிட்டி கூடியது. முதலாவதில் ஆம்பின் வலிமை தெரியும். உதாரணத்துக்கு 86 டெசிபல் ஸ்பீக்கர் ஒரு ஜோடியை மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்து கேட்டால், ஒரு வாட்டுக்குச் சுமார் 83 டெசிபல் கிடைக்கும். தவில் அடி, டிரம்ஸ் அடி 103 டெசிபல் உச்சத்தைத் தொட வேண்டுமென்றால் 20 டெசிபல் கூட வேண்டும், அதாவது 100 வாட். 30 வாட் ஆம்ப் அங்கே மூச்சு வாங்கும். இரண்டாவது ஸ்பீக்கரில், பாட்டு ஓடாதபோது காதைப் பக்கத்தில் கொண்டுபோனால் ஆம்பின் இரைச்சலும் ஹம்மிங்கும் பச்சையாகத் தெரியும்.

வால்வ் ஆம்ப் (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்கள் வைத்தது) வரும்போது இந்த இம்பீடன்ஸ் விஷயம் இன்னும் முக்கியம். ஒரு ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் சில அதிர்வெண்ணில் 4 ஓம், சில அதிர்வெண்ணில் 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் 2 ஓம். 4 ஓம் இடத்தில் சத்தம் 3.5 டெசிபல் குறையும், 20 ஓம் இடத்தில் 0.8 டெசிபல்தான் குறையும். அதாவது அந்த ஆம்ப் அந்த ஸ்பீக்கரில் 2.7 டெசிபல் அளவுக்கு ஒரு ஈக்வலைசர் மாதிரி வேலை செய்கிறது. நல்ல டிரான்சிஸ்டர் ஆம்பில் இது 0.05 ஓம் இருந்தால், அதே கணக்கில் வித்தியாசம் 0.1 டெசிபலுக்கும் கீழே. ஆகவே "வால்வின் இதமான ஒலி" என்று ஒருவர் எழுதும்போது, அது அந்த ஆம்பும் அந்த ஸ்பீக்கரும் சேர்ந்து போட்ட கோடு. வேறு ஸ்பீக்கரில் அதே ஆம்ப் கரகரப்பாகக்கூட வரலாம். உங்கள் ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் வரைபடம் கையில் இல்லாமல் வால்வ் ஆம்பைப் பற்றி எழுதாதீர்கள். அந்த வரைபடத்தை ஒரு சவுண்ட் கார்டும் 100 ஓம் ரெசிஸ்டரும் வைத்து வீட்டிலேயே எடுக்கலாம், ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளில் அதற்கு வழி இருக்கிறது.

ஆம்புக்கு இன்னொன்றும் வேண்டும். டம்மி லோடு, அதாவது ஸ்பீக்கருக்குப் பதில் மாட்டும் ரெசிஸ்டர். 8 ஓம் இரண்டு, 4 ஓம் இரண்டு, ஒவ்வொன்றும் 100 வாட் தாங்கும் ஒயர்வவுண்ட் ரெசிஸ்டர், தடிமனான ஹீட்சிங்கில் திருகி வைத்தது. இதோடு பழைய ஆசிலோஸ்கோப் ஒன்று. 8 ஓம் லோடில் டோன் அலையின் தலை தட்டையாகும் வரை வால்யூமை ஏற்றி, அதற்கு ஒரு பொட்டு முன்னால் வோல்ட்டேஜைப் படியுங்கள். 20 வோல்ட் என்றால் 50 வாட். நம் ஊர் கடைகளில் இதன் தேவை மற்ற ஊர்களைவிட அதிகம், பிஎம்பிஓ (ஒரு கணத்துக்கான உச்ச வாட்) என்று போட்டு ஆயிரக்கணக்கில் வாட் அச்சடித்த பெட்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அப்படி 2000 வாட் என்று அச்சடித்த ஒன்றை ஒருமுறை திறந்தேன். உள்ளே 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர், 3 ஆம்பியர். அதிலிருந்து பிளஸ் மைனஸ் 16 வோல்ட் சப்ளை வரும். நஷ்டம் போக அலையின் உச்சம் 14 வோல்ட். 8 ஓமில் அது சேனலுக்கு 12 வாட். அமெரிக்காவில் இந்த மாதிரி வாட் கணக்குக்கு 1974-லேயே வர்த்தக ஆணையம் விதி கொண்டுவந்தது. இங்கே அந்த வேலையைச் செய்ய உங்களைப் போன்ற ஒருவர் டம்மி லோடு வைத்திருந்தால் வாங்குபவர்களுக்கு எவ்வளவு உதவி என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு இந்த விஷயத்தில் உண்மையிலேயே ஆதங்கம் உண்டு.

இனி அறை. நம் வீடுகள் செங்கல்லும் கான்கிரீட்டும். அமெரிக்க விமர்சகர் உட்கார்ந்திருக்கும் பலகைச் சுவர் கொஞ்சம் பேஸை விழுங்கிக்கொள்ளும், நம் சுவர் விழுங்காது, அப்படியே திருப்பி அனுப்பும். 4.2 மீட்டர் நீள அறை என்றால் முதல் ஒத்ததிர்வு (அறை தானாகவே தூக்கிக் கொடுக்கும் அதிர்வெண்) 41 ஹெர்ட்ஸ் பக்கம், அடுத்தது 82. அறையின் நடுவில் உட்கார்ந்தால் அந்த 41 ஹெர்ட்ஸ் காணாமல் போகும். நம் வழக்கப்படி சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தால் பொங்கி வழியும். ஒரே ஸ்பீக்கரை ஒருவர் "பேஸே இல்லை" என்பதற்கும் இன்னொருவர் "பேஸ் அதிகம்" என்பதற்கும் பல சமயம் காரணம் நாற்காலி இருக்கும் இடம்தான். சுமார் 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே நீங்கள் கேட்பதில் பெரும்பங்கு அறையுடையது. இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

இதற்கு வேண்டியது யூஎஸ்பியில் மாட்டும் அளவை மைக் ஒன்று. மினிடிஎஸ்பி நிறுவனத்தின் யூமிக்-1 மாதிரியானதை வாங்குங்கள். ஒவ்வொரு மைக்குக்கும் அதன் வரிசை எண்ணுக்கென்றே தனித் திருத்தக் கோப்பு கிடைக்கும். மொபைல் மைக்கை நம்பாதீர்கள், அது பேச்சுக்காகச் செய்தது, தானாகவே சத்தத்தை ஏற்றி இறக்கும், அடி பேஸை வெட்டும். மைக்கை ஸ்டாண்டில் காது உயரத்தில் வைத்து, ரூம் ஈக்யூ விசார்ட்டில் கீழிருந்து மேலே போகும் ஸ்வீப்பை ஓடவிடுங்கள். அப்போது சீலிங் ஃபேனை அணைத்துவிடுங்கள். ஃபேன் காற்று மைக்கில் பட்டால் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே வரைபடம் முழுக்கக் குப்பையாக வரும். நான் முதல் வருஷம் எடுத்த வரைபடங்களில் பாதி அப்படிப்பட்டவை. மே மாதத்தில் கஷ்டம்தான், அதிகாலை நான்கு மணிக்கு எடுத்தால் தெருச் சத்தமும் இருக்காது. மொத்தமான திரைச்சீலை போட்டால் அறை சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம், அது மேல் ஒலியை மட்டும் குறைத்து அறையை மந்தமாக்கும். நடுவில் கொஞ்சம் காலியிடம் விட்டு இரண்டு பஞ்சு மெத்தையை மூலையில் சாய்த்து வைப்பது அதைவிட வேலை செய்யும். எல்லாம் முடிந்து கிடைக்கும் வரைபடத்தை உங்கள் ஒவ்வொரு வீடியோவிலும் காட்டுங்கள். பார்ப்பவர் தன் அறையோடு ஒப்பிட்டுக்கொள்வார்.

கரண்ட் விஷயமும் ஒரு வார்த்தை. மூன்றாவது முனையில் உண்மையான எர்த் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். எர்த் இல்லாத வீட்டில் ஹம்மிங் வந்தால் அது ஆம்பின் குறையா வீட்டின் குறையா என்று சொல்ல முடியாது. மின்வெட்டு நேரத்தில் இன்வெர்ட்டரில் ஓடும்போது விமர்சனம் வேண்டாம். சைன் அலை தராத மலிவு இன்வெர்ட்டரில் நல்ல டிரான்ஸ்ஃபார்மரும் உறுமும்.

டிஏசி, ப்ரீஆம்ப் போன்றவற்றை அளக்க நல்ல ஆடியோ இன்டர்ஃபேஸ் (கணினிக்கு ஒலியை உள்ளேயும் வெளியேயும் கொண்டுபோகும் பெட்டி) ஒன்று போதும், ஒரு எல்லை வரை. அந்த எல்லையைத் தெரிந்துகொள்ள, அதன் அவுட்புட்டை அதன் இன்புட்டிலேயே மாட்டி முதலில் அதையே அளந்துகொள்ளுங்கள். உங்கள் இன்டர்ஃபேஸின் சிதைவு (மூல ஒலியில் இல்லாமல் கருவி தானாகச் சேர்ப்பது) மைனஸ் 105 டெசிபல், வந்திருக்கும் டிஏசியின் சிதைவு மைனஸ் 115 என்றால், திரையில் தெரிவது உங்கள் இன்டர்ஃபேஸின் முகம். "என் கருவியின் எல்லைக்குக் கீழே இருக்கிறது, அதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது" என்று சொல்லிவிடுங்கள், அது கௌரவமான பதில். பெரிய ஆய்வுக்கூடங்கள் வைத்திருக்கும் ஆடியோ பிரிசிஷன் கருவிகள் அந்த எல்லையைத் தாண்டிப் பார்க்கும். அந்த நிறுவனம் 1984-ல் அமெரிக்காவின் ஆரிகனில் தொடங்கியது, இன்றும் இந்தத் துறையின் தராசு அதுதான். விலை லட்சங்களில் போகும். உங்களுக்கு இப்போது அது தேவையில்லை. அந்த அளவுக்குக் கீழே இருக்கும் சிதைவு வீட்டில் யார் காதிலும் விழாது.

சந்தேகத்துக்கு இடமுள்ள இடங்களையும் சொல்ல வேண்டும். ஹை-ரெஸ் (சிடியைவிட நுணுக்கமாகப் பதிந்த) கோப்புகள் சிடியைவிட நன்றாகக் கேட்குமா? மேயரும் மோரனும் 2007-ல் வெளியிட்ட சோதனையில் 554 தடவையில் 276 சரி, அதாவது பாதிக்குப் பாதி. ஜோஷுவா ரீஸ் 2016-ல் பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில் 52 சதவீதத்துக்குச் சற்று மேல் வந்தது. புள்ளியியல்படி ஏதோ இருக்கிறது, ஆனால் மிகச் சிறியது. இதை வைத்து "வானத்துக்கும் பூமிக்கும் வித்தியாசம்" என்று ஒரு விமர்சனத்தில் எழுத முடியாது. மொத்தச் சிதைவு என்ற ஒற்றை எண்ணும் அப்படித்தான். 0.1 சதவீதம் இரண்டாம் ஹார்மோனிக்கில் (மூல ஒலியின் இரு மடங்கு அதிர்வெண்ணில்) இருந்தால் தெரியாது, அதே 0.1 சதவீதம் குறைந்த வால்யூமில் ஏழாவது, ஒன்பதாவது ஹார்மோனிக்கில் இருந்தால் எரிச்சல் தரலாம். ஆகவே எண்ணை மட்டும் சொல்லாமல் எங்கே இருக்கிறது என்ற படத்தையும் காட்டுங்கள். ஒயரைப் பொறுத்தவரை, தடிமன் நிச்சயம் முக்கியம். 0.75 ஸ்கொயர் எம்எம் ஒயர் 5 மீட்டர் ஓடினால், போக வர 0.23 ஓம். 4 ஓம் ஸ்பீக்கரில் அரை டெசிபல் போய்விடும். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 2.5 ஸ்கொயர் எம்எம் போட்டால் அது 0.15 டெசிபலுக்கு இறங்கும். அதற்கு மேல் ஒயரில் பணம் போட்டுக் கேட்ட வித்தியாசம் எதுவும் என் மேஜையில் மறைத்துக் கேட்டபோது நிற்கவில்லை.

எந்தப் பாட்டை வைத்துக் கேட்பது என்பதும் கருவிதான். இங்கே ஒரு சுழல் இருக்கிறது, டூல் அதைக் குழப்பத்தின் வட்டம் என்றார். ஒரு பாட்டை ஸ்டுடியோவில் ஏதோ ஒரு ஸ்பீக்கரில் கேட்டுத்தான் மிக்ஸ் செய்திருப்பார்கள். அந்த ஸ்பீக்கரில் பேஸ் குறைவு என்றால் பாட்டில் பேஸைக் கூட்டியிருப்பார்கள். அதை வைத்து உங்கள் ஸ்பீக்கரை எடை போடுகிறீர்கள். இதிலிருந்து கொஞ்சமாவது வெளியே வர, நீங்களே பதிவு செய்த ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். நான் என் பக்கத்து வீட்டு மிருதங்க ஆசிரியரை மைக்குக்கு ஒரு மீட்டர் தள்ளி உட்காரவைத்துப் பத்து நிமிஷம் எடுத்தேன். தொப்பியில் ரவைப் பசை ஈரமாக இருக்கும்போது வரும் கும்கி எப்படி இருக்கும் என்று அதே அறையில் நேரில் கேட்டிருக்கிறேன். சபாவில் கேட்ட நினைவை வைத்துச் சொல்லாதீர்கள், அங்கே நீங்கள் கேட்டது பெரும்பாலும் ஹாலின் ஸ்பீக்கரை. இதோடு வீட்டில் தினமும் கேட்கும் ஒருவரின் குரல் பதிவும், பிங்க் நாய்ஸும் போதும். ஸ்பீக்கரின் குறையைக் காட்டிக்கொடுப்பதில் பிங்க் நாய்ஸை மிஞ்ச எந்தப் பாட்டாலும் முடியாது. ஒற்றை ஸ்பீக்கரில் மோனோவாகக் கேளுங்கள். ஸ்டீரியோவின் விரிவு பல குறைகளை மூடிவிடும், ஒற்றையில் மூட முடியாது.

கடைசிக் கருவி காது. ஈஎன்டி மருத்துவரிடம் போய் ஆடியோகிராம் (காது கேட்கும் திறனின் வரைபடம்) எடுங்கள். வழக்கமான பரிசோதனை 8 கிலோஹெர்ட்ஸ் வரைதான் போகும், அதுவே முக்கியமான பகுதி. பட்டறைச் சத்தத்தில் இருந்தவர்கள், ஸ்பீக்கர் பக்கத்தில் வேலை செய்தவர்கள் பலருக்கு 4 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் இருக்கும். எனக்கு இடது காதில் இருக்கிறது, 13 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எனக்கு எதுவும் கேட்காது. அதனால் ட்வீட்டரின் (உயர்ந்த ஒலியைத் தரும் சின்ன ஸ்பீக்கர்) மேல் ஒலியைப் பற்றி என் தீர்ப்பைச் சொல்லும்போது, என் 19 வயதுப் பெண் கேட்டு எழுதியதையும் கூடவே வைக்கிறேன்.

ஒழுங்கு பற்றி ஒன்று. ஸ்டீரியோஃபைல் பத்திரிகை 1962-ல் ஜே. கார்டன் ஹோல்ட் தொடங்கியபோது காதை மட்டுமே நம்பியது. 1986-ல் ஜான் அட்கின்சன் ஆசிரியரானார். சில வருஷத்தில் கேட்டு எழுதியதற்குப் பக்கத்திலேயே அளவைகளும் வர ஆரம்பித்தன. கேட்பவர் எழுதி முடித்த பிறகே அளவையைப் பார்ப்பார். இரண்டும் முரண்பட்டால் இரண்டுமே அச்சாகும். நீங்கள் ஒற்றை ஆள்தான், ஆனாலும் இதைப் பின்பற்றலாம். முதலில் கேளுங்கள், குறிப்பைத் தேதி போட்டு மூடி வையுங்கள், அப்புறம் மைக்கையும் மீட்டரையும் எடுங்கள். அளந்த பிறகு பழைய குறிப்பைத் திருத்தாதீர்கள்.

ஆகவே 15 லட்சம் தேவையில்லை. மீட்டர், மைக், செலக்டர், டம்மி லோடு நான்கும் சேர்ந்து நடுத்தர ஃபோன் ஒன்றின் விலைக்குள் அடங்கிவிடும். மிச்சம் இருப்பதை ஸ்பீக்கரில் போடுங்கள். முதல் வீடியோவுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை இதைச் செய்துபாருங்கள். உங்கள் சொந்த ஆம்பைத் துணியால் மூடிவிட்டு, வீட்டில் ஒருவரிடம், "பத்து தடவை பின்னால் போய் ஒயரை மாற்றுவது மாதிரி சத்தம் செய், சில தடவை மாற்று, சில தடவை மாற்றாதே, எதையும் என்னிடம் சொல்லாதே" என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் என்ன வித்தியாசம் கேட்டது என்று எழுதுங்கள். எதுவுமே மாறாத தடவைகளில் நீங்கள் எழுதியவற்றைத் தனியாக எடுத்து, "மேடை விரிந்தது", "குரல் இளகியது" என்று எவ்வளவு எழுதியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். அந்தத் தாளைச் செலக்டர் பெட்டியின் மேலேயே ஒட்டி வையுங்கள். நாளை கடையிலிருந்து வரும் டிஏசியில் அந்தத் தாளில் இருக்கும் அளவு வித்தியாசம்தான் கேட்கிறது என்றால், வித்தியாசம் கேட்டதாக வீடியோவில் சொல்ல வேண்டாம்.